ஐம்பதைத் தாண்டினால் பத்து

வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம் என்பது சகாயராஜுக்குத் தெரியாத சங்கதி இல்லை. கோயம்புத்தூரில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடவா தெரியாது? ஆனால் காலையில் பஸ் ஏறும்போது அந்த நினைப்பு வரவில்லை, வந்திருந்தால் சாவகாசமாக மூன்றரைக்குத் திருப்பூரில் இறங்கியிருப்பான், இப்படி இரண்டு மணிக்கே வந்து சீட்டுக் கம்பெனியின் ஏல ஹாலில், மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி நெளிந்துகொண்டு இருக்க வேண்டியதில்லை. பைக்குள் ஒரு லேப்டாப், ஒரு கடிதம். கடிதத்தில் நாலே வரி: மென்பொருள் மூன்று மாதமாகத் திருப்தியாக வேலை செய்கிறது, பாக்கித் தொகையைக் கொடுத்துவிடலாம். அடியில் முதலாளி சென்னியப்பன் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். "போட்டுட்டாப் போச்சுங்க தம்பி, மூணு அடிக்கட்டும், இந்நேரத்துல பேனாவத் தொட மாட்டனுங்க, ஏலமே மூணுக்கு மேலதானுங்களே" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், குறட்டைகூடக் கேட்கிறது. கையெழுத்து விழுந்ததும் போட்டோ எடுத்து லோகநாதனுக்கு அனுப்ப வேண்டும். லோகநாதன் இவன் வேலை பார்க்கும் நாலு பேர் கம்பெனிக்கு முதலாளி, இரண்டு மாதமாக எல்லோருக்கும் பாதிச் சம்பளம்தான் போடுகிறான், மீதிப் பாதி இந்தக் கடிதத்தில் இருக்கிறது. மணி இரண்டு ஐந்து. எதிர்ச் சுவரில் டிவி, அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். அது இவனுடைய டிவி, அதாவது டிவி சென்னியப்பனுடையது, அதில் வருகிற எண் இவனுடையது. இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டை இப்போதே எனக்குக் கொடுத்துவிடு, அதில் நாற்பதாயிரத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஏலத்தில் ஒருவர் கேட்கிறார், அதற்குத் தள்ளு என்று பெயர். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு, தள்ளின பணம் எல்லோருடைய தவணையிலும் கழியும். ஆனால் நாற்பதாயிரம் தள்ளினால் அது எத்தனை வட்டிக்குக் கடன் வாங்கினதற்குச் சமம் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதைத்தான் இவன் எழுதிய கணக்கு சொல்லும். கிளார்க் பெண் தள்ளுத் தொகையைத் தட்டினால் டிவியில் 'உண்மை வட்டி', வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று இவ்வளவு பெரிதாக வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சகாயராஜுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும், பொய் சொல்வானேன்.

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் பெயர் மயிலாத்தாள். இருபது மாதம், இருபது பேர் சீட்டில் ஒருத்தி, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முழங்கைவரை நூல் பிசிறு ஒட்டியிருந்தது. வீட்டு மாடியில் ஆறு மெஷின் போட்டு பனியன் தைத்துக் கொடுக்கிறாளாம். இரண்டு ஓவர்லாக் மெஷின் கூட வேண்டுமாம், பழசுதான், ஆனால் நல்ல பழசாம், இன்றைக்குள் பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். இதெல்லாம் இவன் கேட்காமலே வந்து விழுந்தது. "நீங்கதான் அந்த டிவிக்காரத் தம்பிங்களா? நல்லா இருப்பீங்க சாமி. அதுக்கு முன்னால கண்ணக் கட்டி வுட்ட மாதிரித்தான் ஏலங் கேட்டுட்டு இருந்தோம்" என்றாள். அவனுக்குக் குளிர்ந்துவிட்டது, எவனுக்குத்தான் குளிராது? அவள் நாற்காலியை இன்னும் ஒட்டிப் போட்டுக்கொண்டு ரகசியம் மாதிரி சொன்னாள். "இதுல ஒரு நெளிவு சுளிவு இருக்குதுங்க தம்பி. முப்பத்தஞ்சாயிரம் தள்ளினா எட்டரைன்னு காட்டுது. நாப்பதுன்னா இருவத்தஞ்சு. நாப்பத்தஞ்சுன்னா நாப்பத்தெட்டு! கந்துவட்டிக்காரன் தேவலைங்கோணும். அதுக்குப் பயந்துட்டு எல்லாரும் நடுவுல நின்னுக்குவாங்க. நிக்கப்படாது. ஒரே தாவா அம்பதைத் தாண்டிடோணும். தாண்டிட்டீங்கன்னா பொத்துனு பத்துக்கு எறங்கிருது. அறுவதுக்குப் போங்க, பத்துதான். எழுவதுக்குப் போங்க, பத்துதான்." சகாயராஜ் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. அவள் விடவில்லை. "மொத்தமா வாங்கினா வெல கொறையறதில்லீங்களா, அந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க. மகளிர் குழுவுல பதினெட்டு வட்டிக்குத் தாரோம், வந்து கையெழுத்துப் போடுங்கன்னு கூப்புட்டாங்க. எனக்கென்ன கிறுக்கா? வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்." பிறகு பையிலிருந்து ஒரு பழைய ஏலச் சீட்டை எடுத்துக் காட்டினாள், வேறு யாருடையதோ, போன மாதத்துக்காரர் அறுபத்திரண்டாயிரம் தள்ளி எடுத்தது, கீழே இவனுடைய கணக்கு அச்சடித்த எண் இருந்தது: 10.00.

பத்துப் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். உண்மையான எண்ணுக்குப் புள்ளிக்குப் பின்னால் அழுக்கு இருக்கும், 9.87 என்று இருக்கும், 10.13 என்று இருக்கும், இப்படிக் குளித்துத் திருநீறு பூசின மாதிரி ஒரு எண் எங்கிருந்து வரும்? எங்கிருந்து வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எடே சகாயம், அந்த வரி. டிவிக்குப் பொட்டு வைத்த அன்றைக்கு எழுதின அந்த ஒற்றை வரி. இந்தக் கணக்குக்கு ஐ.ஆர்.ஆர். என்று பெயர், பாடப்புத்தகத்தில் அகவருவாய் விகிதம் என்று போட்டிருப்பார்கள், வாயில் நுழையாது. இதற்கு நேர்வழி கிடையாது. ஏதோ ஒரு வட்டியை ஊகித்து ஆரம்பிக்க வேண்டும், அந்த வட்டியில் கட்டினதும் வாங்கினதும் சரிக்குச் சரியாகிறதா பார், ஆகவில்லையா, ஊகத்தைக் கொஞ்சம் நகர்த்து, மறுபடி பார், மறுபடி நகர்த்து, இருபது தடவை. பெரும்பாலும் ஆறேழு தடவையிலேயே வந்து உட்கார்ந்துவிடும். எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று ஊரே பத்திலிருந்து ஆரம்பிக்கும், இவனும் பத்திலிருந்து ஆரம்பித்தான். இருபது தடவையிலும் வந்து உட்காரவில்லை என்றால்? என்றால் சிவப்பில் 'பிழை' என்று எழுதச் சொல்லியிருந்தான். அதுதான் நியாயம். திறப்பு விழா அன்று, மாலை போட்ட டிவியில், முதல் முதலாக கிளார்க் பெண் எதையோ தட்ட, பளீரென்று பிழை. சென்னியப்பன் முகம் சுண்டிப்போயிற்று. நல்ல நாளும் அதுவுமா செகப்புல எழுதிக் காட்டறீங்களே தம்பி, சீட்டுப் புடிக்கற எடத்துல பிழைன்னு வந்தா எவன் பணங் கட்டுவான்? அன்று சாயங்காலம் எதிர் டீக்கடையில், லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு, வடை எண்ணெயை பேன்ட்டில் துடைத்துவிட்டு, மாற்றினான்: உட்காரவில்லை என்றால் ஆரம்பித்த ஊகத்தையே விடையாகக் கொடுத்துவிடு. பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினான், பிறகு சரிசெய்ய வேண்டும் என்று. பிறகு. அந்தப் பிறகு வரவேயில்லை. ஐம்பதாயிரம் என்பது அந்தக் கணக்கு நொண்ட ஆரம்பிக்கிற இடம் என்று இவனுக்குத் தெரியாது, இந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது, ஊருக்கே தெரிந்திருக்கிறது, தாண்டுவதற்கு வாகான வரப்பு என்று எல்லோரும் சேர்ந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

லேப்டாப்பைத் திறந்தான். "வேலையப் பாருங்க, நா ஒண்ணும் பேசலை" என்றாள் மயிலாத்தாள், சொல்லிவிட்டுப் பேசிக்கொண்டுதான் இருந்தாள், மூத்த மருமகள், பாத்ரூம் குழாய், ஓவர்லாக் ஊசி. இவன் அவள் கணக்கையே போட்டான். ஏழு மாதம் கட்டியிருக்கிறாள், இது எட்டாவது ஏலம், இனி வரும் தவணைகளைச் சராசரியாக வைத்துக்கொண்டால் மொத்தம் கட்டப்போவது ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். எவ்வளவு தள்ளுவதாக உத்தேசம் என்று கேட்டான். "அம்பத்தெட்டு" என்றாள். ஐம்பத்தெட்டு போனால் கைக்கு வருவது ஒரு லட்சத்து நாற்பத்திரண்டு. வட்டியை ஒன்றிலிருந்து இருநூறு வரை ஒவ்வொன்றாக வைத்து ஓட்டினான், எங்கே சரிக்குச் சரி ஆகிறது பார்க்கலாம். மிச்சம் என்கிற அந்தக் கோடு கீழேயிருந்து மெல்ல ஏறி வந்தது, வா, வா, இன்னும் கொஞ்சம், பூஜ்யத்தைத் தொட்டுவிடு, தொண்ணூறாகட்டும் நூறாகட்டும் தொட்டுவிடு, பூஜ்யத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம் கீழேயே நின்றது, நின்று மறுபடி இறங்கிவிட்டது. தொடவே இல்லை. வட்டி அதிகம் என்றால்கூடப் பரவாயில்லை, நூறு வட்டி என்று ஒரு எண்ணைச் சொல்லி அவளை எழுந்து ஓட வைக்கலாம். ஏழு மாதம் தன் பணத்தையும் உள்ளே போட்டுவிட்டு இவ்வளவு தள்ளினால் எந்த வட்டி வைத்தாலும் அவளுக்கு நட்டம், விடையே கிடையாது, விடை இல்லாத இடத்தில்தான் இவன் பத்து என்று எழுதிவைத்திருக்கிறான். மணி இரண்டு இருபத்தெட்டு. சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு, பக்கத்தில்தானே இருக்கிறாள், திரும்பி, அக்கா, அந்தப் பத்து தப்பு என்று நாலு வார்த்தை. வாயைத் திறந்தான். "தண்ணி வேணுங்களா தம்பி, மூஞ்சி வாடிப்போச்சே" என்றாள் அவள். வேண்டாங்கக்கா என்றான்.

சொன்னால் என்ன ஆகும்? இவளிடம் சொன்னால் இவள் வாய் சும்மா இருக்குமா, அடுத்த நாற்காலிக்குப் போகும், அதற்கடுத்த நாற்காலிக்குப் போகும், மூன்று மாதத்தில் ஐம்பதைத் தாண்டி எடுத்தவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் எல்லோரும் படியேறி வருவார்கள், சென்னியப்பன் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாகக் கழுத்தைப் பிடிப்பார். லோகநாதன் செய்தி அனுப்பியிருந்தான்: ஆச்சா? மூணுக்கு மேல் என்று பதில் போட்டான். ஒரு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான் லோகநாதன். அந்தக் கட்டைவிரலைப் பார்க்கவே ஆத்திரம் வந்தது, அவனுக்கென்ன, அவன் வரி எழுதவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு எண் இருப்பது நல்லதுதானே, மனுஷனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா? அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்தபோது நாகர்கோவிலில் அந்த டாக்டர் சொன்னாரே, பத்து பர்சன்ட்தான் ரிஸ்க், தைரியமா இருங்க. அந்தப் பத்தை எப்படிப் பிடித்துக்கொண்டான், அம்மையிடம் சொன்னான், மாமாவிடம் சொன்னான், காண்டீனில் யாரோ தெரியாதவனிடம்கூடச் சொன்னான், பத்துதானாம், பத்துதானாம். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். அடக்கமெல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக் காகிதம் வாங்கப் போனபோது கேட்டான், டாக்டர், அந்தப் பத்து எப்படிப் போட்டீங்க? அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எல்லாருக்கும் அதான் சொல்றது தம்பி, இல்லன்னா கையெழுத்துப் போட மாட்டாங்க. அன்றைக்கு அவர் மேஜையைப் புரட்டிப்போடத் தோன்றியது. புரட்டவில்லை, சரிங்க டாக்டர் என்று வந்துவிட்டான். லேய், நீ இப்போ யாரு? நீ இப்போ அந்தக் கண்ணாடியைத் துடைக்கிற ஆள்தானே? இல்லை, இல்லை, அது உயிர், இது வெறும் வட்டி. வெறும் வட்டியா? இரண்டு மெஷின், இன்னும் பன்னிரண்டு மாதத் தவணை, பதினெட்டு வட்டிக்குக் கிடைக்கிற கடனை வேண்டாமென்று உதறிவிட்டு வந்திருக்கிறாள், எதை நம்பி, உன் தொடையில் இருந்த லேப்டாப்பை நம்பி. மணி இரண்டு நாற்பது. ஹாலில் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து இவனுக்கு எரிச்சலாக வந்தது, கழற்றுமேன்யா, இல்லை கழற்றாதேயும், ஏதாவது ஒன்று செய்யும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது, வந்த வேகத்தில் உடம்பெல்லாம் லேசாயிற்று. சொல்லவே வேண்டாம், திருத்திவிட்டால் போதும். விடை உட்காரவில்லையா, பத்தைக் காட்டாதே, வெறும் கோடு இரண்டைக் காட்டு. சிவப்பு வேண்டாம், வெள்ளையிலேயே காட்டு, மங்கலத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஐம்பத்தெட்டு என்று கேட்பாள், டிவியில் எண் இருக்காது, பயந்து பின்வாங்குவாள், முடிந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், மூன்று மாதத்துக்கு முந்தின கதை மூன்று மாதத்துக்கு முன்னாலேயே கிடக்கும். ஒரே வரி. இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தான். கிளார்க் பெண்ணிடம் போய், சின்ன அப்டேட் என்று சொல்லி, அவள் கம்ப்யூட்டரில் ஏற்றினான், அவள் போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். மணி இரண்டு ஐம்பத்தொன்று. திரும்பி வந்து உட்கார்ந்தபோது டீ வந்தது, மயிலாத்தாள் இவனுக்கும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். குடித்தான். இஞ்சி தூக்கலாக இருந்தது. நல்ல மனுஷி, காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான், அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கொஞ்சம் மெச்சிக்கொண்டான், பார்த்துக்கொள்ளுங்கள் அவன் சமர்த்தை. ஆனால் டீ பாதி இறங்குவதற்குள் மறுபடி அரிக்க ஆரம்பித்துவிட்டது. கோட்டைப் பார்த்து அவள் பயப்படாவிட்டால்? பயப்படுவாள். மெஷின் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தால்? இருக்காது. ஏன் இருக்காது? இருந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அப்போது என்ன பார்ப்பாய்? அப்போது சொல்வேன். இப்போது சொல்லாதவனா அப்போது சொல்லப்போகிறாய்?

மூன்று அடித்தது. சென்னியப்பன் முகம் கழுவி, திருநீறு இட்டு, கற்பூரம் காட்டி, மணி ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். இவனைப் பார்த்து, ஏலம் முடிஞ்சதும் போட்டுத் தாரேன் என்று காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். ஏலம் ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் முப்பத்தைந்து என்றார், கிளார்க் பெண் தட்டினாள், டிவியில் 8.41 வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் நாற்பது, 25.07. மயிலாத்தாள் இவனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள், எழுந்து நின்றாள், முந்தானையை இழுத்துச் செருகினாள். "அம்பத்தெட்டு" என்றாள். கிளார்க் பெண் தட்டினாள். டிவியில் இரண்டு கோடு. சகாயராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான், உட்காரு அக்கா, உட்கார்ந்துவிடு. "என்னம்மா, நின்னுபோச்சா?" என்றார் சென்னியப்பன். "தெரியலீங்க, எண்ணு வரல" என்றாள் அந்தப் பெண். "அட, அம்பதைத் தாண்டியாச்சல்லோ, பத்துதான் இருக்கும்" என்றது ஒரு குரல். ஆமாமா, பத்துதான் என்றார்கள் நாலைந்து பேர். மயிலாத்தாளும் "பத்துதானுங், இது தெரியாதா" என்று சிரித்தாள். டிவியிலிருந்து பத்தை எடுத்துவிட்டான் சகாயராஜ், இவர்களிடமிருந்து எப்படி எடுப்பான்? இனி இவன் எழுதின கணக்கே வேண்டாம், லேப்டாப்பை உடைத்தாலும் ஒன்றுதான், பத்து இந்த ஹாலுக்குள் குடியேறிவிட்டது, வாடகை கொடுத்துக்கொண்டு இருக்கிறது. "தம்பி இங்கதான இருக்காரு, அவரையே கேட்டுப்போடலாம். ஏனுங்க தம்பி, பத்துதானுங்களே?" என்றார் சென்னியப்பன். இருபது முகம் திரும்பியது. இவன் கழுத்து தானாக ஒரு பக்கம் சாய்ந்தது, அது ஆமாம் என்பது போலவும் இருந்தது, தெரியாது என்பது போலவும் இருந்தது, தலையை இப்படி ஆட்டுவதற்கு எங்கேதான் கற்றுக்கொண்டானோ பாவி. அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். "அம்பத்தெட்டாயிரம் ஒரு தரம்." யாராவது மேலே கேட்டுவிடுங்கள், அறுபது கேளுங்கள், இவள் தப்பட்டும், ஐயோ, அப்போது அவன் மாட்டுவானே. "அம்பத்தெட்டாயிரம் ரெண்டு தரம்." கடிதம் பைக்குள் இருந்தது. அவள் முதுகு இவனுக்கு நேரே இருந்தது, ரவிக்கையின் முதுகில் ஒரு வெள்ளை நூல். எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நிறுத்துங்க" என்றான். இவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வந்துவிட்டது. "அது பத்து இல்லைங்க. பத்து நான் சும்மா போட்டது. கணக்குக்கு விடை வராத இடத்துல எல்லாம் பத்துன்னு வர்ற மாதிரி நான்தான் எழுதி வெச்சேன். அம்பதுக்கு மேல விடையே கிடையாது. எந்த வட்டி வெச்சாலும் நட்டம். அக்கா, வேண்டாங்க்கா, குழுவுலயே வாங்கிக்கோங்க, பதினெட்டுன்னா நல்ல வட்டி, இதைவிட ஆயிரம் மடங்கு நல்ல வட்டி." சென்னியப்பன் வாயைத் திறந்தபடி இருந்தார், மூன்றாம் தரம் அவர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பின்வரிசையில் ஒருவர், அப்ப போன மாசம் நான் எடுத்தது என்று ஆரம்பித்து, முடிக்காமல், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பையில் போன் அதிர்ந்தது, லோகநாதனாக இருக்கும். மயிலாத்தாள் திரும்பி நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான், கத்தியிருந்தால் தேவலை. நூல் பிசிறை ஒவ்வொன்றாகக் கையிலிருந்து எடுத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"இது எப்பத் தெரிஞ்சுது தம்பி உங்களுக்கு?"

"ரெண்டே காலுக்குங்க. நீங்க அந்தச் சீட்டைக் காட்டுனப்ப."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து.

"அப்ப இத்தன நேரமும் எம் பக்கத்துலயேதான உக்கோந்திருந்தீங்க?"

"ஆமாங்கக்கா" என்றான்.